பபூன் பாடிய இரங்கற்பா

மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்த அன்பர்களுக்குப் ‘பபூன்’ யார் என்று விளக்க வேண்டியதில்லை. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் திரைக்குப் பின்னால் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும்போதே மேடையேறி, உறங்கத் தொடங்கிய கூட்டத்தை உலுக்கி எழுப்பி, இரவைத் தொடங்கிவைப்பவர் அவர். அந்தப் பெயர் ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்தது. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்தும், பிரெஞ்சுக்கு இத்தாலிய மொழியிலிருந்தும் சென்றது. அதே இத்தாலிய வேரில் கிளைத்த இன்னொரு சொல் ‘புஃபோ’. ஆப்பெரா எனப்படும் இசைநாடகத்தில், ஆண்குரல்களுள் மிகத் தாழ்ந்ததாகிய ‘பாஸ்’ குரலில் பாடிச் சிரிக்கவைக்கும் கலைஞருக்குப் ‘பாஸோ புஃபோ’ என்று பெயர். ஆகவே நம்மூர்ப் பபூனும் மிலான் நகரத்துப் புஃபோவும் சொல்லளவில் ஒரே குடும்பத்தார்.

பொருளளவிலும் இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவரையும் மக்கள் விரும்புவார்கள். ஆனால் பெரியவர்களின் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள். நம் கவியரங்குகளிலும் இதே வழக்கம்தானே? நகைச்சுவைக் கவிஞரின் பெயர் அழைப்பிதழில் கடைசியில் அச்சாகும். கூட்டம் கலையத் தொடங்கும் நேரத்தில் அவரை அழைப்பார்கள். இரங்கற் கூட்டம் என்றாலோ அவரை அழைப்பதே இல்லை. இந்த வழக்கத்துக்கு நேர்மாறாக வாழ்ந்து காட்டிய ஒருவரின் வரலாற்றை நம் வட்டத்தின் பத்தாண்டு மலரில் பதிவுசெய்வது பொருந்தும் என்று கருதினேன். லூயிஜி லப்லாஷ் அவர் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பாவை மிக அதிகமாகச் சிரிக்கவைத்த பாடகர்களுள் ஒருவர். பேத்தோவனும் பெல்லினியும் ஷோப்பினும் மறைந்தபோது அவர்களுக்கான இறுதி வழிபாட்டில் பாட அழைக்கப்பட்டவரும் இவரே.

லப்லாஷ் 1794 டிசம்பர் 6ஆம் நாள் நேப்பிள்ஸ் நகரில் பிறந்தார். தந்தை மார்செய்யிலிருந்து வந்து குடியேறிய பிரெஞ்சு வணிகர். தாய் அயர்லாந்து வழியினர். 1799இல் அந்நகரைக் குலுக்கிய புரட்சிக் கலகத்தோடு தந்தையை இழந்தார். பிரெஞ்சு ஆட்சி ஏற்பட்ட பின்னர், பன்னிரண்டாம் வயதளவில், பியெத்தா தெய் துர்க்கீனி என்னும் இசைப்பள்ளியில் சேர்க்கப்பட்டார். அக்கால நேப்பிள்ஸின் இசைப்பள்ளிகள் அநாதைச் சிறுவர்களுக்கான அறச்சாலைகளாகத் தொடங்கியவை. தேவாலயத்தில் பாடப் பிள்ளைகளை அணியமாக்குவதே அவற்றின் தொடக்கக் கடமை.

பிள்ளைக்கோ நாடகப் பித்து. ஐந்து முறை பள்ளியை விட்டு ஓடினான் என்றும், ஒவ்வொரு முறையும் பிடித்துக் கொண்டுவரப்பட்டான் என்றும், இறுதியில் இசைப்பள்ளி மாணவரை எந்த நாடக அரங்கும் வேலைக்கு அமர்த்தலாகாது என்று அரச ஆணையே பிறந்தது என்றும் சொல்வார்கள். நகைச்சுவைக் கலைஞர்களின் வரலாற்றில் இது ஒரு தொல்லை. அவர்களைப் பற்றிய செய்திகள் யாவும் சிறிது காலத்தில் வேடிக்கைக் கதைகளாக உருமாறிவிடும். எது நடந்தது, எது நடந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று பிரிப்பது கடினம். ஆணையின் கதையை அந்தக் கண்ணோடே படிக்கவேண்டும். பையன் ஓடினான் என்பதில் மட்டும் ஐயமில்லை.

அந்தப் பள்ளிப் பருவத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் இன்னொரு நிகழ்ச்சி என் கவனத்தை ஈர்த்தது. 1809 மே மாதத்தில் வியன்னாவில் ஹைடன் மறைந்தார். அவர் நினைவாக நேப்பிள்ஸில் மொஸார்ட்டின் ‘ரெக்வியம்’, அதாவது இறந்தோர்க்கான வழிபாட்டிசை, பாடப்பட்டது. பதினான்கு வயது லப்லாஷ் தன் சிறுவர்க்குரலில் அதன் ஆல்ட்டோ பகுதியைப் பாடினான். குரல் உடையும் பருவத்தில் அளவுக்கு மீறி வருந்திப் பாடியதால் தொண்டை கட்டிக்கொண்டது. சில மாதங்கள் ஓசையே எழவில்லை. பின்னர்த் திரும்பி வந்தபோது அது சிறுவனின் குரலாக இல்லை. கீழே ஆழ்ந்து இறங்கும் பாஸ் குரலாக இருந்தது. ஒரு பெருங்கலைஞரின் சாவுக்குப் பாடித் தன் இளங்குரலை அங்கேயே விட்டுவந்தான் எனலாம். அதன்பின் அவர் வாழ்நாளெல்லாம் இந்த ‘ரெக்வியம்’ அவரைத் தேடி வந்துகொண்டே இருந்தது.

1812இல், பதினேழு வயதில், நேப்பிள்ஸின் சான் கார்லினோ என்னும் சிற்றரங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அரசர் வந்தமரும் சான் கார்லோ அரங்கு வேறு. இது அதன் சிறுமைப் பெயரைத் தாங்கிய மக்கள் அரங்கு. அங்கே அவர் ஏற்றது ‘புஃபோ நேப்போலித்தானோ’ எனப்பட்ட வேடம். மற்றவர்கள் செந்நெறி இத்தாலியத்தில் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் நேப்பிள்ஸின் வட்டார வழக்கில் பேசிச் சிரிப்பூட்டவேண்டும். அந்த அரங்கின் நடிகர் ஒருவரின் மகளாகிய தெரேசா பினோத்தியை மணந்தார். கணவரின் திறமை அந்தச் சிற்றரங்குக்குள் முடங்கிவிடக் கூடாது என்று வற்புறுத்தி வெளியே அனுப்பியவர் அந்த அம்மையாரே என்பர். மெஸ்ஸினா வழியாகச் சிசிலித் தீவின் பலெர்மோவுக்குச் சென்றார். அங்கே அவர் முதலில் தோன்றியது பவேசி என்பவர் இசையமைத்த ‘செர் மார்க்கந்தோனியோ’ என்னும் நாடகத்தில். மருமகனுக்குச் சொத்துப் போய்விடக் கூடாது என்பதற்காகவே கலியாணம் செய்துகொள்ளத் துடிக்கும் ஒரு கிழவரின் கதை அது. பெயரை நினைவில் வைத்துக்கொள்க. முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கிழவர் வேறு பெயரில் திரும்பி வருவார்.

இந்த இடத்தில் பாஸோ புஃபோவின் தொழிலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஆப்பெராவில் பாஸ் குரல் பொதுவாக அரசர்க்கும் மதகுருவுக்கும் தந்தைக்கும் உரியது. அதிகாரத்தின் குரல் அது. நம் இசைமரபு மெலிவு, சமன், வலிவு என்று பகுப்பதில் மெலிவுத் தானத்துக்குரிய கனம் அதில் இருக்கும். அந்தக் கனத்தை எடுத்து ஒரு கஞ்சனின் வாயில், ஏமாந்த கிழவனின் வாயில், பொய்மருந்து விற்கும் போலி வைத்தியனின் வாயில் வைத்தால் அதுவே சிரிப்பு. பெரிய குரல், சிறிய மனிதன். அத்துடன் சொற்களை அம்புமாரியாகப் பொழியும் வேகப்பாட்டு வேறு. ஓர் எழுத்தும் சிதையாமல், தாளம் பிசகாமல், மூச்சு வாங்குவது தெரியாமல் பாடியாக வேண்டும். நம் புலவர்கள் வண்ணமும் சந்தமும் பாடியபோது பட்ட பாட்டுக்கு இது இளைத்ததன்று. இந்த வேகத்துக்கும் நடிப்புக்கும் ஈடாக, குரலின் அழகைப் பற்றிப் புஃபோவிடம் பலரும் கேட்பதில்லை. பாதி பேசினாலும் பொறுத்துக்கொள்வார்கள். லப்லாஷின் தனிச்சிறப்பு, அந்தச் சலுகையை அவர் வேண்டாதிருந்ததே. இரண்டு எண்சுரம் அகலத்துக்குப் பரந்த குரல் அவருக்கு வாய்த்திருந்தது. அதனால் அவர் நகைப்பாத்திரங்களோடு நின்றுவிடவில்லை. ‘நோர்மா’வின் தலைமைக் குருவாகவும், ‘அன்னா பொலேனா’வில் மனைவியைக் கொலைக்களத்துக்கு அனுப்பும் எட்டாம் ஹென்றியாகவும் நின்றார். ஷேக்ஸ்பியரின் ‘புயல்’ நாடகத்தைத் தழுவி அலெவி இசையமைத்த ஆப்பெரா 1850இல் லண்டனில் அரங்கேறியபோது காலிபனாகவும் உருமாறினார்.

பலெர்மோவிலிருந்து 1817இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கு, 1823இல் வியன்னா என்று அவர் புகழ் வடக்கே ஏறியது. வியன்னாவில் அவர் இருந்த ஆண்டுகளில்தான் இரண்டாவது ‘ரெக்வியம்’ வந்தது. 1827 மார்ச்சு 26ஆம் நாள் பேத்தோவன் மறைந்தார். 29ஆம் நாள் அடக்கம். ஏப்ரல் 3ஆம் நாள் அகுஸ்தீனியர் தேவாலயத்தில் மொஸார்ட்டின் அதே வழிபாட்டிசை பாடப்பட்டபோது பாஸ் பகுதியைப் பாடியவர் லப்லாஷ். உடன் பாடிய ஆப்பெராக் கலைஞர்களுக்கான ஊதியத்தையும் தம் கைப்பணத்திலிருந்து அவரே கொடுத்தார் என்று பழைய இசை அகராதிகள் குறிக்கின்றன. இத்தாலிய ஆப்பெராவின் மோகம் வியன்னாவைப் பிடித்திருந்த காலம் அது. அந்த மோகத்தால் தம் இசை ஓரங்கட்டப்படுவதாக ஜெர்மானிய இசைவாணர்கள் குறைப்பட்டுக்கொண்ட காலம். அந்த இத்தாலியக் கூட்டத்தின் முன்னணிக் கலைஞர் ஒருவரே பேத்தோவனுக்காகப் பாட நின்றார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேத்தோவனின் இறுதி ஊர்வலத்தில் தீவட்டி ஏந்திச் சென்றவர்களுள் ஒருவர், முப்பது வயது ஷூபர்ட். அதே 1827இல் அவர் பாஸ் குரலுக்கென்று மூன்று இத்தாலியப் பாடல்கள் இயற்றி லப்லாஷுக்குக் காணிக்கையாக்கினார். அவற்றைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

1830 லப்லாஷின் வாழ்வில் பெரிய திருப்பம். மார்ச்சு 30இல் லண்டனிலும் நவம்பரில் பாரிசிலும் அவர் முதன்முறை தோன்றினார். இரு நகரிலும் ஒரே வேடம்: சிமரோசாவின் ‘இரகசியத் திருமணம்’ நாடகத்தில் வரும் காது மந்தமான வணிகர் ஜெரோனிமோ. அதுமுதல் குளிர்காலம் பாரிசில், கோடைக்காலம் லண்டனில் என்று ஆண்டுகள் ஓடின. லண்டனில் 1836ஆம் ஆண்டு முதல் ஓர் இளம்பெண்ணுக்குப் பாட்டு வாத்தியாராகவும் அமர்ந்தார். மறு ஆண்டில் அப்பெண் அரியணை ஏறினாள்; நம் பாட்டனார் காலத்துக் காசுகளில் தலை பொறிக்கப்பட்டிருந்த விக்டோரியா அரசியே அவள். முடிசூடிய பின்னும் பாடம் நிற்கவில்லை. இடையிடையே விட்டுவிட்டு இருபது ஆண்டளவு தொடர்ந்தது.

உருவத்தில் லப்லாஷ் மலைபோன்றவர். உயரமும் பருமனும் சேர்ந்தவர். அதைச் சுற்றியும் கதைகள் பல. ஒன்று மட்டும் சொல்கிறேன். டாம் தம்ப் என்னும் குள்ள உருவக் கலைஞர் புகழ்பெற்றிருந்த நாளில், அவரைப் பார்க்க வந்த ஒருவர் கதவு மாறி லப்லாஷின் அறையைத் தட்டிவிட்டாராம். “டாம் தம்ப் அவர்களைப் பார்க்கவேண்டும்.” “நான்தான்.” “மேடையில் மிகச் சிறியவராக அல்லவா தெரிந்தீர்கள்?” “மேடையில் அப்படித்தான். வீட்டுக்கு வந்தால் கொஞ்சம் தாராளமாக இருந்துகொள்வேன்.” நடந்ததோ இல்லையோ, இந்த விடை நல்ல புஃபோவின் விடை.

1835 ஜனவரி 24இல் பெல்லினியின் ‘பியூரிட்டானி’ பாரிசில் அரங்கேறியது. அதில் லப்லாஷுக்கு நகைவேடம் இல்லை. காதலால் சித்தம் கலங்கிய பெண்ணுக்குத் தாயினும் பரிந்து நிற்கும் சிறிய தந்தை ஜார்ஜியோ வேடம். அவரும் தம்புரீனியும் இணைந்து பாடிய வீரப்பாட்டின் முழக்கத்தை, ‘பாரிசில் அவர்கள் பாடியது மிலானிலேயே உங்கள் காதில் விழுந்திருக்கும்’ என்ற பொருள்பட ரொஸ்ஸினி தம் நண்பருக்கு எழுதினார் என்பர். எட்டு மாதம் கழிந்தது. செப்டம்பர் 23ஆம் நாள், முப்பத்து நான்கு வயது நிறையுமுன், பாரிசின் புறநகர் ஒன்றில் பெல்லினி நோயுற்று இறந்தார். அக்டோபர் 2ஆம் நாள் ‘அன்வலீத்’ தேவாலயத்தில் இறுதி வழிபாடு. ‘பியூரிட்டானி’யின் கடைசி அங்கத்தில் காதலன் பாடும் மெட்டை எடுத்து, அதில் கண்ணீர் நாளைப் பற்றிய இலத்தீன் வழிபாட்டு வரிகளைப் பொருத்தி, பக்கவாத்தியம் ஏதுமின்றி நான்கு ஆண்குரல்கள் பாடின. ரூபீனி, இவானோஃப், தம்புரீனி, லப்லாஷ். பாடியவருள் மூவர் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் அதே மெட்டு பிறந்த மேடையில் நின்றவர்கள். இறந்தவனின் பாட்டை இறந்தவனுக்கே பாடுவது எவ்வளவு கொடியது என்பதை, மறைந்த தோழரின் கவிதையை அவர் இரங்கற் கூட்டத்தில் படிக்கநேர்ந்த எவரும் அறிவர்.

இனி அந்தக் கிழவருக்கு வருவோம். 1843 ஜனவரி 3ஆம் நாள் பாரிசின் இத்தாலிய அரங்கில் டொனிசெட்டியின் ‘டான் பாஸ்குவாலே’ முதன்முறை நடந்தது. பலெர்மோவில் இளைஞன் லப்லாஷ் நடித்த ‘செர் மார்க்கந்தோனியோ’வின் கதையைத் திருத்தி எழுதியதே இதன் பனுவல். தலைமை வேடம் லப்லாஷுக்கென்றே ஆக்கப்பட்டது. அவருக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. செல்வமிக்க எழுபது வயதுக் கட்டைப் பிரமச்சாரி பாஸ்குவாலே. மருமகன் ஓர் ஏழை விதவையைக் காதலிப்பது பிடிக்காமல் தாமே கலியாணம் செய்துகொள்ளக் கிளம்புகிறார். வைத்திய நண்பர் சூழ்ச்சி செய்து, அந்த விதவை நோரினாவையே, கன்னிமாடத்திலிருந்து அப்போதுதான் வந்த நாணமிகு தங்கை என்று சொல்லிக் கட்டிவைக்கிறார். பொய்க் கலியாணம். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்த மறுகணம் நாணமெல்லாம் பறந்துபோய்ப் பெண் பேயாட்டம் ஆடுகிறாள். வேலைக்காரர் பெருகுகின்றனர், நகைக்கடைச் சீட்டுகள் குவிகின்றன.

மூன்றாம் அங்கத்தில் அவள் நாடகம் பார்க்கக் கிளம்புகிறாள். போகக் கூடாது என்று கிழவர் மறிக்கிறார். அவள் கன்னத்தில் ஓர் அறை விடுகிறாள்.

அதுவரை துள்ளிக்கொண்டிருந்த இசை அந்த அறையோடு தளர்ந்துவிடுகிறது. சோக மெட்டு ஒன்று மெல்ல எழுகிறது. தம் கதை முடிந்தது, இனிச் சாவதே மேல் என்று கிழவர் தமக்குத் தாமே பாடிக்கொள்கிறார். அடித்தவளும் ஒருபுறம் ஒதுங்கி, தான் கொடுத்த பாடம் சற்றே கசப்பானதுதான் என்று இரங்குகிறாள். அவையினர் இதுவரை யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ அவருக்காக நெஞ்சு நோகிறார்கள். சில நிமிடங்கள்தான், மீண்டும் வேகப்பாட்டு, சூழ்ச்சி, தோட்டத்துக் காட்சி, மன்னிப்பு என்று நாடகம் ஓடிவிடும். ஆனால் அந்த அறை விழுந்த இடத்தை மறக்க இயலாது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டையும் அடுக்கும்போது நகையை முதலில் வைத்து அதற்கு அடுத்த இடத்திலேயே அழுகையை வைத்தார். இரண்டுக்கும் நடுவே சுவர் இல்லை என்பதற்கு இந்தக் காட்சியைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. வெறும் கோமாளி ஒருவர் அந்த வேடத்தில் இருந்திருந்தால் டொனிசெட்டி இந்த மெட்டை எழுதியிருக்கவேமாட்டார். எதிரே நின்றவர் பேத்தோவனுக்கும் பெல்லினிக்கும் பாடியவர் என்பது அவருக்குத் தெரியும்.

அவரால் இயலாதது ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. 1847 ஜூலை 22இல் வெர்தியின் ‘கொள்ளையர்’ லண்டனில் அரங்கேறியது. அதில் மகனால் கோபுரத்தில் அடைக்கப்பட்டுப் பட்டினியால் சாகக் கிடக்கும் முதியவர் மாசிமிலியானோவாக லப்லாஷ் வந்தார். அவ்வளவு பெரிய உடம்பைப் பார்த்துக்கொண்டு பட்டினியை நம்ப யாரால் முடியும்? லப்லாஷால் திறம்படச் செய்யமுடியாத ஒரே செயலை அன்று அவரிடம் கேட்டுவிட்டார்கள் என்று அக்காலத்தார் எழுதி வைத்திருக்கின்றனர். நாடகமும் நிலைக்கவில்லை.

மூன்றாம் முறை ‘ரெக்வியம்’ அவரை அழைத்தது 1849இல். அக்டோபர் 17ஆம் நாள் பாரிசில் ஷோப்பின் இறந்தார். மொஸார்ட்டின் அந்த இசையே தமக்குப் பாடப்படவேண்டும் என்பது அவர் விருப்பம் என்பர். மதலேன் தேவாலயத்திலோ பெண்கள் பாடலாகாது என்பது விதி. இசைவு பெறுவதிலும் ஏற்பாடுகளிலும் நாட்கள் கழிந்து, 30ஆம் நாள்தான் இறுதி வழிபாடு நடந்தது. பொலின் வியார்தோவும் ழான் கஸ்தலானும் திரைக்குப் பின்னே நின்று பாடினர். பாஸ் பகுதியைப் பாடியவர், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பேத்தோவனுக்காக அதே பகுதியைப் பாடிய லப்லாஷ். இறுதி நாளின் எக்காளத்தைப் பற்றிய பகுதி அதில் வரும். பாஸ் குரல் ஒன்றே முதலில் எழுந்து கல்லறைகளை நோக்கி அறைகூவும் இடம். ஜெரோனிமோவின் செவிட்டுக் கூத்துக்கு ஒலித்த அதே தொண்டைதான் அங்கும் ஒலித்தது. அவையில் இருந்தோரில் பலர் அந்தக் குரலை ‘டான் பாஸ்குவாலே’யில் கேட்டுச் சிரித்தவர்களே.

ஏன் அவரையே அழைத்தார்கள்? அக்காலத்தின் மிகச் சிறந்த பாஸ் குரல் அவருடையது என்பது எளிய விடை. பெரும்பாலும் அதுவே உண்மையான விடையாகவும் இருக்கும். ஆயினும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நகைச்சுவைக் கலைஞன் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளும் பழக்கத்தைத் தொழிலிலேயே இழந்தவன். வேடம்தோறும் அறை வாங்கியவன். இறந்தவரே பெரியவராக இருக்கவேண்டிய இடத்தில், தன் துயரத்தை அரங்கேற்றாமல் பாட அவனால் முடியும். நம் இரங்கற் கூட்டங்களில் இறந்தவரைவிடப் பேசுவோர் பெரியவராகிவிடுவதைக் கண்டு சலித்த அன்பர்கள் நான் சொல்வதை உணர்வர்.

எஞ்சியதைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பாடும் முறை பற்றி நூலொன்று எழுதினார். 1852இல் ருஷ்யத் தலைநகர் சென்று பாடினார். மகன் பெதரிக்கோவும் பாஸ் பாடகரானார். மகள் ஒருத்தி புகழ்பெற்ற பியானோ கலைஞர் தால்பெர்க்கை மணந்தாள். அந்தக் குடும்பக் கொடி நெடுந்தூரம் ஓடியது. ‘பவானி ஜங்ஷன்’ படத்தில் வந்த ஹாலிவுட் நடிகர் ஸ்டூவர்ட் கிரேஞ்சர் அந்த வழியில் வந்தவர். பெற்றோர் இட்ட பெயரில் ‘லப்லாஷ்’ என்பதும் இருந்தது. கத்திச்சண்டைப் படங்களின் அழகிய கதாநாயகனுக்குக் கொள்ளுப்பாட்டனின் தந்தை ஒரு பபூன்.

உடல் நலிந்து மேடையை விட்டு விலகிய லப்லாஷ், 1858 ஜனவரி 23ஆம் நாள் தாம் பிறந்த நேப்பிள்ஸிலேயே காலமானார். பாரிசுக்கு அருகே மெசோன்-லஃபீத் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டார். எடிசனின் ஒலிப்பொறி வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் முந்திவிட்டார். அந்தக் குரலின் ஒரு கணமும் நம்மிடம் இல்லை.

ஆனால் ஷூபர்ட் காணிக்கையாக்கிய அந்த மூன்று பாடல்கள் இருக்கின்றன. அளவெடுத்துத் தைத்த சட்டை, உடுத்தவர் போன பின்னும் அவர் தோளின் அகலத்தைச் சொல்வதுபோல், அந்தக் குரல் எங்கெங்கே ஏறியது, எங்கெங்கே இறங்கியது என்பதை அந்தச் சுரங்கள் சொல்கின்றன. முதல் பாடல் கண்களின் மயக்கம் பற்றியது, கனிவானது. இரண்டாவது, வஞ்சகன் ஒருவனின் மனச்சான்று அவனைச் சுட்டெரிப்பது, இடிமுழக்கம் போன்றது. மூன்றாவது, பணத்துக்காகவே பெண்டாட்டி தேடப்போவதாக வெட்கமின்றி அறிவிக்கும் ஒருவனின் வேடிக்கைப் பாட்டு. பேத்தோவனை அடக்கம் செய்த அதே ஆண்டில் ஷூபர்ட் அதை எழுதினார். மறு ஆண்டு நவம்பரில், முப்பத்தொரு வயதில், அவரும் போய்விட்டார்.